அகால மரணத்தின் சுமையை அளந்தபோது: ஒரு சமூகத்தின் இறப்புப் பதிவேடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிறு நகரம் ஒன்றும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளும் சேர்ந்த ஒரு சமூகத்தின் சுகாதாரக் குழு, தன் இறப்புப் பதிவேட்டின் ஐந்து ஆண்டுப் பக்கங்களை மறுபடி வாசித்ததைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தக் குழுவில் கணக்குப் பகுதியை நான் கவனித்துவந்தேன். அங்கே மக்கள்தொகை குறைவு. எண்ணிக்கையைச் சொன்னாலே எந்த வீடு என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். ஆகவே இடம், ஆண்டு, இறப்பு எண்ணிக்கை எதையும் இங்கே தரவில்லை. கணக்கை விளக்க வரும் வயதுகளும் கூட்டல்களும் எடுத்துக்காட்டுகள்.

எந்தக் காரணத்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பட்டியலைக் குழு ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தது. முதலிடத்தில் இதயநோய், அடுத்துப் பக்கவாதம், பிறகு புற்றுநோய், அதன் பின் நாள்பட்ட நுரையீரல் நோய். இந்த வரிசை மாறியதே இல்லை. நிதியும் இதே வரிசையில்தான் ஒதுக்கப்பட்டது. அறுபதைக் கடந்தவர்களுக்கான இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்கள் அதில் பெரும்பங்கைப் பெற்றன. அந்த முகாம்கள் வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவற்றில் நோய் கண்டறியப்பட்டு இன்று நலமாக இருப்பவர்கள் உண்டு.

ஒரு கூட்டத்தில், குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "என்னிடம் படித்த பிள்ளைகள் இதில் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். சாலையில் அடிபட்டு இறந்தவர்கள், குட்டையில் மூழ்கியவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் எல்லோரும் கடைசி வரியில், 'மற்றவை' என்ற சொல்லுக்குள் இருந்தார்கள்.

எண்ணிக்கையும் இழந்த ஆயுளும்

இறப்பு எண்ணிக்கை எல்லா மரணங்களையும் ஒன்றாகவே கருதுகிறது. 88 வயதில் உறக்கத்தில் இறந்தவரும் ஒன்று, 19 வயதில் சாலையில் இறந்தவரும் ஒன்று. முதுமையில் மரணங்கள் மிகுதி என்பதால், முதுமையின் நோய்களே எப்போதும் பட்டியலின் தலையில் நிற்கும். எந்த வயதில் உயிர் அறுந்தது என்பது அந்தப் பட்டியலில் வராது.

இழந்த ஆண்டுகளைக் கூட்டி இதைச் சரிசெய்யும் வழி புதிதல்ல. 1947இல் அமெரிக்காவில் மேரி டெம்ப்சி என்ற புள்ளியியலாளர் காசநோய் குறித்து இந்த வாதத்தை முன்வைத்தார். காசநோயின் இறப்பு விகிதம் குறைந்து, இதயநோயும் புற்றுநோயும் அதை முந்திவிட்ட காலம் அது. ஆனால் காசநோய் இளையவர்களைக் கொன்றது; அது பறித்த ஆண்டுகளைக் கூட்டினால் சுமை இறங்கிவிடவில்லை. கனடாவில் 1977இல் ரோமெடர், மெக்வின்னி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1 வயது முதல் 70 வயது வரை என்று எல்லை வகுத்து இதே அளவையைச் சுகாதாரத் திட்டமிடலுக்குப் பரிந்துரைத்தார்கள். 1982 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் 65 வயதை எல்லையாக வைத்து இதை வெளியிடத் தொடங்கியது.

கணக்கு எளிது. ஒரு வயது வரம்பை வைத்துக்கொண்டு, அதற்கு முன் இறந்த ஒவ்வொருவரின் வயதையும் வரம்பிலிருந்து கழித்துக் கூட்ட வேண்டும். வரம்பு 75 என்றால், 72 வயதில் இறந்த பத்துப் பேர் இழந்த ஆயுள் மொத்தம் 30 ஆண்டுகள். 19 வயதில் இறந்த ஒருவர் இழந்தது 56 ஆண்டுகள். எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்று. ஆயுளில் அந்த ஒருவரின் இழப்பே ஏறக்குறைய இரண்டு மடங்கு. இழந்த ஆயுளை வரம்புக்குக் கீழுள்ள மக்கள்தொகையால் வகுத்து, இத்தனை ஆயிரம் பேருக்கு இத்தனை ஆண்டுகள் என்று சொன்னால் அது விகிதமாகிறது.

பதிவேட்டில் கண்டவை

கணக்கு எளிதாக இருந்தாலும், அதற்கு ஊட்டும் தரவு அப்படி இருக்கவில்லை. வேலையின் பெரும்பகுதி பதிவேட்டைச் சுத்தம் செய்வதிலேயே போனது. எனக்கு இன்றும் முக்கியமாகப் படுவது அந்தப் பகுதிதான்.

முதலில் யார் நம்மவர் என்ற கேள்வி. பெரிய மருத்துவமனைக்கு வெளியூரில் கொண்டுபோகப்பட்டு அங்கே இறந்தவர்கள் இந்தப் பதிவேட்டில் இல்லை. விபத்தில் படுகாயம் அடைந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போயிருந்தார்கள். மறுபக்கம், இங்கே வந்து இறந்த வெளியூர்க்காரர்கள் பதிவேட்டில் இருந்தார்கள். இறந்த இடத்தை விட்டுவிட்டு, வசித்த இடத்தை வைத்துக் கணக்கிடுவது என்று முடிவு செய்தோம். வெளியூர்ப் பதிவுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்ததில், இளவயது மரணங்களே அதிகம் கூடின.

அடுத்தது வயது. 50, 55, 60, 65 என்ற வயதுகளில் இறப்புகள் குவிந்திருந்தன. 51இலும் 59இலும் ஆள் குறைவு. பிறந்த தேதி தெரியாத இடங்களில் வயதை ஐந்திலோ பத்திலோ முடியும் எண்ணாகச் சொல்வது உலகெங்கும் காணப்படும் பழக்கம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இதை எவ்வளவு தூரம் துரத்துவது என்று யோசித்தோம். 72 வயதுக்காரரை 70 என்று எழுதினால் கணக்கில் இரண்டு ஆண்டுகள் பிசகும். ஆனால் 24 வயதில் இறந்தவரின் காரணத்தைத் தவறாக எழுதினால் 51 ஆண்டுகள் ஒரு காரணத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிவிடும். எனவே இருந்த ஆள் பலத்தை முதியவர்களின் வயதைத் திருத்துவதில் செலவிடாமல், இளையவர்களின் மரணக் காரணத்தைச் சரிபார்ப்பதில் செலவிட்டோம்.

காரணம் என்ற பத்தியில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் 'இதயம் நின்றது', 'மூச்சு நின்றது'. எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. அது மரணத்தின் விவரிப்பு, காரணமாகாது. மரணச் சான்றிதழின் நோக்கமே, எந்த நோயோ காயமோ மரணத்தில் முடிந்த தொடரைத் தொடங்கிவைத்தது என்ற அடிப்படைக் காரணத்தைப் பதிவதுதான். ஐம்பது வயதுக்குக் கீழ் இப்படித் தெளிவற்ற காரணத்துடன் இருந்த பதிவுகளைத் தனியே எடுத்து, களச் செவிலியர்கள் அந்தந்த வீடுகளுக்குப் போனார்கள். உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென்றே கேள்வித்தாள் வகுத்திருக்கிறது; இறந்தவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவரிடம் நோயின் போக்கைக் கேட்டுக் காரணத்தை ஊகிக்கும் முறை.

ஒரு பதிவில் 24 வயது இளைஞர், காரணம் 'இதயம் நின்றது'. பழைய பட்டியலில் அவர் இதயநோயில் சேர்க்கப்பட்டிருந்தார். வீட்டில் அவருடைய அக்கா விவரம் சொன்னார். மூன்று வாரங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தும் நினைவு தெளியவில்லை. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு இறந்தார். விபத்து, தலைக்காயம், நிமோனியா என்று தொடர் தெளிவாக இருந்தது. அடிப்படைக் காரணம் சாலை விபத்து. செவிலியர் கேள்விகளை முடித்து எழுந்தபோது அந்த அக்கா, "இதை முன்னமே யாரும் எங்களைக் கேட்கவில்லையே" என்றாராம். அந்த வாக்கியத்தைச் செவிலியர் படிவத்தின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தார்.

நான்காவது, எல்லாவற்றிலும் கனமானது. பிறந்து 28 நாட்களுக்குள் நேர்ந்த குழந்தை இறப்புகள் பதிவேட்டில் மிகச் சிலவே இருந்தன. நம்ப முடியாத அளவுக்குச் சில. பிரசவ அறைக் குறிப்பேடுகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது காரணம் புரிந்தது. ஒரு குறிப்பில் 'மெல்ல அழுதது, சிறிது நேரம் மூச்சு இருந்தது' என்று எழுதியிருந்தது. பதிவேட்டில் அதே குழந்தை 'இறந்தே பிறந்தது'. கர்ப்பகாலம் எத்தனை வாரமானாலும், பிறந்தபின் மூச்சோ இதயத் துடிப்போ உயிரின் வேறு அறிகுறியோ இருந்தால் அது உயிருடன் பிறந்த குழந்தை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. இறந்தே பிறந்ததாக எழுதிவிட்டால் அந்தக் குழந்தை பிறப்புக் கணக்கிலும் வராது, இறப்புக் கணக்கிலும் வராது. அவசரத்திலும், குடும்பத்துக்கு இரண்டு பதிவுகளின் அலைச்சல் வேண்டாம் என்ற இரக்கத்திலும் இப்படி நடந்திருந்தது. யாரையும் குற்றம் சொல்லும் நோக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் வாழ்ந்த ஓர் உயிர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போவதை ஏற்றுக்கொள்ள எனக்கு இயலவில்லை.

வயது வரம்பு குறித்த விவாதம்

வரம்பை முடிவெடுத்த பிறகே கணக்கைத் தொடங்குவது என்று முதலிலேயே உறுதி செய்துகொண்டோம். வெவ்வேறு வரம்புகளில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொண்டால், அந்த அளவை விரும்பியதைச் சொல்லும் கருவியாகிவிடும்.

65 வேண்டும் என்றவர்கள், அதுவரைதான் ஒருவர் உழைத்துச் சம்பாதிக்கிறார் என்றார்கள். இதை நான் வலுவாக எதிர்த்தேன். சம்பாத்தியம் நின்றதும் ஓர் உயிரின் மதிப்பு நிற்பதாக ஒரு பொதுக் குழு கணக்கெழுதக் கூடாது. மேலும் 65 என்றால், 66 வயதில் தடுத்திருக்கக்கூடிய மாரடைப்பில் போனவர் மறைந்துவிடுவார்.

75 என்று பேச்சு நெருங்கியபோது குழுவின் மூத்த உறுப்பினர் மருத்துவரைப் பார்த்து, "டாக்டர், நான் 76 வயதில் இறந்தால் உங்கள் கணக்கில் பூஜ்யமா?" என்று கேட்டார். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்தக் கணக்கில் ஆமாம், ஐயா. அதனால்தான் இந்தக் கணக்கை மட்டும் தனியாக வெளியிடக் கூடாது என்கிறேன்" என்றார்.

வரம்பே இல்லாத முறை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வயதிலும் இன்னும் எத்தனை ஆண்டுகள் வாழ எதிர்பார்க்கலாம் என்பதை ஒரு நிலையான ஆயுள் அட்டவணையிலிருந்து எடுத்து, அதையே இழப்பாகக் கொள்வது. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு இப்படித்தான் கணக்கிடுகிறது. 80 வயதில் இறந்தவருக்கும் சில ஆண்டுகள் இழப்பு உண்டு. 1990களில் அந்த ஆய்வு பிறப்பின்போதான ஆயுளை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 82.5 என்று வைத்து, எந்த வயதின் ஆண்டு என்பதற்கேற்ப வெவ்வேறு எடையும், எதிர்கால ஆண்டுகளின் மதிப்பில் ஆண்டுக்கு 3 சதவீதக் கழிவும் கொடுத்தது. இளமை, நடுவயது ஆண்டுகளுக்கு அதிக மதிப்பு ஏன் என்ற கண்டனம் நெடுங்காலம் எழுந்தது. 2010ஆம் ஆண்டுக்கான பதிப்பில் எடையும் கழிவும் கைவிடப்பட்டன. மேலிருந்து கீழ்வரை எந்த அளவையிலும் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இந்த வரலாறே சாட்சி.

எங்கள் முடிவு இதுதான். மக்களுக்கு விளக்க எளிது என்பதால் 75 வரம்பு முதன்மைக் கணக்கு. ஆயுள் அட்டவணைக் கணக்கு பக்கத்திலேயே. பழைய எண்ணிக்கைப் பட்டியல் நீக்கப்படாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை. ஒரு குழந்தையின் இறப்பு ஏறக்குறைய 75 ஆண்டுகளைக் கூட்டுகிறது, அதாவது 72 வயதில் 25 பேர் இறந்ததற்குச் சமம். சேர்த்த கணக்கை மட்டும் காட்டினால் மற்றவை அமுங்கிவிடும். சேர்க்காமல் விட்டால் குழந்தைகள் மறுபடியும் மறைவார்கள்.

வெளிவந்த வரிசை

வரிசை தலைகீழாகவில்லை, ஆனால் நன்றாகவே கலைந்தது. இழந்த ஆயுளில் சாலை விபத்து முதலிடத்துக்கு வந்தது. பச்சிளம் குழந்தைகளின் இறப்பு இரண்டாவது, தற்கொலை மூன்றாவது. இதயநோய் நான்காவது இடத்தில் இருந்தது. முன்பு 'மற்றவை'யில் கிடந்த நீரில் மூழ்கிய மரணங்கள், நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு மேலே ஏறின. ஆயுள் அட்டவணைக் கணக்கில் இதயநோய் சற்று உயர்ந்தது. ஆனால் அதிலும் சாலை விபத்தும் தற்கொலையும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கணக்கு முறையை மாற்றியும் நிலைத்து நின்ற இந்த முடிவைத்தான் நம்பத்தக்கது என்று எடுத்துக்கொண்டோம்.

உலக அளவில் நடப்பதும் இதற்கு முரணானதல்ல. 5 முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 15 முதல் 29 வயதினரில் தற்கொலை மூன்றாவது காரணம்.

இதயநோய்க்குள்ளும் ஒரு செய்தி இருந்தது. அதனால் இழந்த ஆயுளில் பெரும்பகுதி 55 வயதுக்கு முன் இறந்த சிலருடையது. முகாம்களோ அறுபதைக் கடந்தவர்களுக்கு நடந்துகொண்டிருந்தன.

பக்கத்துக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டு, எந்தப் பகுதி மோசம் என்று சொல்லும்படி குழுவில் சிலர் கேட்டார்கள். புதிதாக உருவான குடியிருப்பில் இளையவர்கள் மிகுதி. அங்கே இழந்த ஆயுள் இயல்பாகவே கூடுதலாகத் தெரியும். வயது அமைப்பை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து சீரமைத்த பிறகே ஒப்பிட முடியும். சீரமைத்துப் பார்த்ததில் வேறுபாடு பெரும்பாலும் கரைந்தது. எஞ்சியதும் சில மரணங்களில் தொங்கிக்கொண்டிருந்ததால், பகுதிவாரி வரிசையை வெளியிடவில்லை. ஓராண்டுக் கணக்கையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்து, ஐந்தாண்டைச் சேர்த்தே வெளியிட்டோம்.

எடுத்த நடவடிக்கைகளும் காரணங்களும்

இழந்த ஆயுள் என்பது மீட்கக்கூடிய ஆயுள் ஆகிவிடாது. விபத்திலிருந்து தப்பிய இளைஞர் 75 வரை வாழ்வார் என்ற உறுதி யாருக்கும் இல்லை. வேறொரு காரணம் குறுக்கிடலாம். எனவே சுமை எவ்வளவு என்பதோடு, தடுக்கச் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, நம் அதிகாரத்துக்குள் இருக்கிறதா என்ற கேள்விகளையும் ஒவ்வொரு காரணத்துக்கும் வைத்தோம்.

சாலையில் வேகக் கட்டுப்பாடு முதலில் வந்தது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. விபத்து மரணங்களை வரைபடத்தில் குறித்தபோது அவை பள்ளிக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட நேர்ச்சாலையில் கூடின. அங்கே வேகத்தடைகளும் தலைக்கவச வலியுறுத்தலும் தொடங்கின. பள்ளிக்கு அருகிலிருந்த குட்டைக்கு வேலி போட்டார்கள். செலவு குறைவு, விவாதமும் இருக்கவில்லை.

தற்கொலை குறித்து மருத்துவர் ஒரு நிபந்தனை வைத்தார்: விவரங்கள் எதுவும் வெளி அறிக்கையில் வரக் கூடாது. ஏற்றுக்கொண்டோம். பூச்சிக்கொல்லிகளைப் பூட்டிவைப்பதைக் காட்டிலும், அதிக நச்சுள்ளவற்றைப் புழக்கத்திலிருந்து நீக்குவதே பலன் தரும் என்பதற்கு இலங்கையின் அனுபவம் இருக்கிறது. அங்கே அவற்றைத் தடைசெய்த பின் தற்கொலை விகிதம் பெருமளவு இறங்கியது. ஆனால் தடை எங்கள் குழுவின் கையில் இல்லை. மேலிடத்துக்கு எழுதிவிட்டு, ஆலோசனை உதவிக்கு ஆள் நியமித்தார்கள். எனக்கு இது போதாது என்றே படுகிறது.

இரத்த அழுத்த முகாம்கள் தொடர்ந்தன, நாற்பது வயதிலிருந்து. பிரசவ அறைகளுக்குப் பச்சிளம் குழந்தைக்கு மூச்சு மீட்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பதிவு வரையறையும் அதே பயிற்சியில் சேர்க்கப்பட்டது.

பின்னர் நடந்தவை

அடுத்து வந்த கணக்கில் இழந்த ஆயுள் உயர்ந்தது. குழுவில் கவலை எழுந்தது. செலவு செய்தும் நிலைமை மோசமாகிவிட்டதே என்றார்கள். பிரித்துப் பார்த்தபோது உயர்வு முழுவதும் பச்சிளம் குழந்தைப் பிரிவில் இருந்தது. இறந்தே பிறந்ததாக எழுதப்பட்ட பதிவுகள் அதே அளவுக்குக் குறைந்திருந்தன. குழந்தைகள் அதிகம் இறக்கவில்லை; இறந்தவர்கள் பதிவேட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். பதிவைச் சீர்செய்யும் எந்தச் சமூகமும் இந்தக் கட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும். இதை முன்கூட்டியே நிதி ஒதுக்குபவர்களிடம் சொல்லிவைக்காவிட்டால், நல்ல பதிவுக்குத் தண்டனை கிடைத்துவிடும்.

குட்டையில் அதன்பின் யாரும் மூழ்கவில்லை. சாலை மரணங்கள் குறைந்ததுபோல் தெரிகிறது, ஆனால் எண்ணிக்கை இவ்வளவு சிறிதாக இருக்கையில் அது நடவடிக்கையின் பலன் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஐந்தாண்டு மறுபடி நிறைந்த பிறகே அதைப் பேச முடியும். தெளிவற்ற மரணக் காரணங்கள் மட்டும் ஐயத்துக்கு இடமின்றிக் குறைந்திருக்கின்றன, ஏனெனில் ஐம்பதுக்குக் கீழான ஒவ்வோர் இறப்பையும் பதிவாளர் அந்த மாதமே மருத்துவருக்கு அனுப்புகிறார்.

மாற்ற வேண்டியவை

வீட்டு விசாரணை மரணத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்தது. நினைவு மங்கியிருந்த வீடுகளில் காரணம் உறுதிப்படவில்லை. ஆறாத துக்கத்தைக் கிளறியதாகவும் ஆனது. இனி துக்க நாட்கள் கழிந்த சில வாரங்களில், குடும்பம் சம்மதித்தால் மட்டும், தெரிந்த செவிலியர் ஒருவரே போவது நல்லது. போகிறவருக்கும் ஆறுதல் உதவி தேவை. தொடர்ந்து இளவயது மரணங்களைக் கேட்டெழுதிய செவிலியர் ஒருவர் அந்தப் பணியிலிருந்து விலகிக்கொண்டார்.

இந்த அளவை மரணத்தை மட்டுமே அளக்கிறது. விபத்தில் உயிர் தப்பி, முதுகுத்தண்டு முறிந்து படுத்திருப்பவர் இதில் வரமாட்டார். நோய்ச்சுமைக் கணக்கு, இழந்த ஆயுளோடு ஊனத்துடன் வாழும் ஆண்டுகளையும் சேர்ப்பது இதற்காகத்தான். அதற்கு வேண்டிய தரவு எங்களிடம் இல்லை. விபத்துக் காயங்களுக்கு மட்டுமாவது ஒரு பதிவு தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

வயது வரம்பு 75 என்பதை அடுத்த சுற்றிலும் மாற்றுவதில்லை என்று குழு எழுதிவைத்திருக்கிறது. எண்ணிக்கைப் பட்டியலும் இழந்த ஆயுள் பட்டியலும் அறிக்கையின் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சாகின்றன. 'மற்றவை' என்ற வரி நீக்கப்பட்டு, அதில் இருந்த காரணங்கள் ஒவ்வொன்றும் தன் பெயரில் வருகின்றன.